பன்னிரண்டு கட்டம்

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதும் அது முழுதாகப் போகவில்லை. இரண்டு பக்கமும் நின்று நியாயம் பேசுகிற ஆள் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடை வரிசையில் என்னுடையது ஜெராக்ஸ் கடை. ஒட்டினாற்போல் அடுத்தது அவருடையது. ரப்பர் சீல் செய்கிறவர் என்பதால் எல்லோரும் சீல்காரர் என்றே கூப்பிடுவார்கள். டாக்டர், வக்கீல், பள்ளிக்கூடம், லாரி கம்பெனி என்று யாருடைய காகிதத்தைப் பார்த்தாலும் மூலையில் இருக்கும் வட்டம் அவர் கைவேலையாகத்தான் இருக்கும். வேலையில் சுத்தம். எழுத்தை பிலிமில் எடுத்து, கூழாக இருக்கும் ரப்பரின் மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தில் காட்டி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கழுவுவார். வெளிச்சம் பட்ட எழுத்து மட்டும் இறுகி நிற்கும், மற்றதெல்லாம் கரைந்து ஓடிவிடும். கைப்பிடியில் ஒட்டியதும் முதல் குத்து ஒரு தடித்த நோட்டில் விழும். நம்பர், தேதி, பக்கத்தில் சீல். மாதிரி நோட்டு என்று அதற்குப் பெயர். அதில் குத்தாமல் ஒரு சீல்கூட அவர் கடையை விட்டு வெளியே போனதில்லை. போதையில் இருந்த நாட்களில்கூடக் கோணல்மாணலாகவாவது குத்தி வைத்திருப்பார்.

அவர் மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் வேலை. சட்டை முழுவதும் தைப்பதில்லை, காலர் மட்டும். ஒரு நாளைக்கு நானூறு காலர். தைத்ததைக் குச்சியால் குத்தி முனை திருப்பித் திருப்பி வலது கட்டைவிரல் நகம் சப்பையாகப் போய்விட்டது. கம்பெனியில் அவளுக்குக் காலர் என்று பெயர் விழுந்தது, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒரே கட்டடத்தில் மூன்றாவது மாடி, என் வாசலுக்கு எதிர்வாசல். ஒன்பது வயதில் ஒரு பெண், குட்டி.

அன்று சனிக்கிழமை மதியம். காலருக்கு ஓவர்டைம், குட்டிக்குக் காய்ச்சல், பார்த்துக்கொள்ள அப்பா இருந்தார். அடுப்பில் உருளைக்கிழங்கை ஏற்றிவிட்டு, பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்திருக்கிறார். நான் சாப்பாட்டுக்காக மாடியேறி வந்தபோது கதவிடுக்கில் புகை வந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டு டிரைவர் ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்தார். கிழங்கு கருகி, பிடிதுணி பற்றி, அடுப்படிச் சுவர் கூரை வரைக்கும் கருத்திருந்தது. குட்டி கட்டிலில் கண்ணைத் திறக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சோபாவில் வாயைத் திறந்தபடி தூக்கம். நான் குழந்தையைத் தூக்கிப் போய் என் வீட்டில் விட்டேன். திரும்பி வந்து அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விட்டேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை. என் அண்ணனை இந்தக் குடிதான் கொண்டுபோயிற்று. அவனை ஒரு தடவைகூட அறையாமல் விட்டேனே என்றுதான் வருத்தம்.

காலர் வந்தாள். அழவில்லை. குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவருடைய துணிகளை ஒரு பையில் அடைத்துப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். அதுவரை அவரை 'நீங்க' என்று பேசியவள்.

"போ."

"எங்க போறது?"

"கடை இருக்குல்ல. அங்க போய்க் கெட."

"இனிமே தொட மாட்டேன். குட்டி மேல சத்தியமா."

"அவ பேரை எடுத்தே, இப்படியே படியில உருட்டி விட்ருவேன். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நீ சத்தியம் பண்றதுக்கு அவ இருந்திருக்க மாட்டா."

அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து கடைதான் வீடு. மேஜைக்கு அடியில் பாய், என் கடைக் குழாயில் குளியல், மூலைக் கடையில் ரொட்டியும் முட்டையும். பக்கத்தில் இருந்துகொண்டே இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அவர் பேச்சை எடுத்தது காலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, குடியை விடுறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம் நடக்குமாமே. எங்கன்னு தெரியுமா?"

"வெளிய தள்ளின ஆளுக்கு எதுக்குடி கூட்டம்?"

"தள்ளினது நான்தான். தேடிக் குடுக்கறதும் நானா இருந்துட்டுப் போறேன். அந்தாளைத் தேட விட்டா வழியில எத்தனை பார் இருக்குன்னு எண்ணிட்டு வருவார்."

கிளம்பினோம். மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து மஞ்சளித்துப்போன ஒரு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டால் ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார். மூணு வருஷமா இதே ரோதனையா இருக்குங்க, குடிக்கிறவன் பொண்டாட்டி எல்லாம் எனக்குத்தான் போன் பண்றா என்று சலித்துக்கொண்டார். நோட்டீஸில் போட்டிருந்த சமூகக்கூடத்துக்குப் போனால் அங்கே செஸ் போட்டி. நூலகத்தில் இருந்த பெண் காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல், "குடி நோய்க் கூட்டமா?" என்று கேட்டாள். படித்துக்கொண்டிருந்த எட்டுப் பேர் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள். காலருக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"ஆமா, நாங்க ரெண்டு பேரும்தான் குடிக்கிறோம். எடத்தைச் சொல்லு" என்றேன் நான்.

அவளுக்குத் தெரியவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே பஸ் டிப்போ வாசலில் ஒதுங்கினோம். காலருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பாத்தியாக்கா. குடிக்கிற எடத்துக்குத் தெருவுக்கு மூணு போர்டு, கலர் கலரா லைட்டு. கண்ணு தெரியாதவன்கூடப் போய்ச் சேர்ந்துடலாம். நிறுத்துற எடத்துக்கு ஒரு அம்புக்குறி கூட இல்ல."

பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் அதைக் கேட்டுவிட்டார். தலை நரைத்தவர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருக்கும். "பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் ஒரு சிவப்புக் கதவு இருக்கும்மா" என்றார். "போர்டு இருக்காது. வியாழக்கிழமை ஆறு மணி. தட்ட வேண்டாம், தள்ளினா திறக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டீ போடறது நான்தான்" என்றார்.

அடுத்து நடந்ததில் பாதித் தப்பு என்னுடையது. இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று, அவர் போகிறாரா என்று எப்படித் தெரியும் என்று காலர் கேட்டாள். இருபது வருஷமாகக் காகிதத்தோடு குப்பை கொட்டுகிறவள் நான். சீல் இல்லாத எதையும் எந்த ஆபீசிலும் வாங்க மாட்டார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அதே புத்தி. "ஒரு கார்டு போட்டுக் குடு. பன்னிரண்டு கட்டம். வாராவாரம் அங்க சீல் வாங்கிட்டு வரட்டும். பன்னிரண்டும் நெறைஞ்சா கதவைத் திற" என்றேன். நானே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கெட்டி அட்டையில் எடுத்துக் கொடுத்தேன். ஊருக்கே சீல் செய்கிறவனிடம் போய்ச் சீல் வாங்கி வா என்று சொல்கிறோமே என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

முதல் வியாழன் ஏழரைக்கு அவர் படியேறி வந்து கார்டை நீட்டினார். முதல் கட்டத்தில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம். வியாழன் கூட்டம், நடுவில் வருகை. காலர் அதை வாங்கிக் கருத்த சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். கதவு சாத்தப்பட்டது. இப்படியே வாரம் தவறாமல் நடந்தது. வியாழன் காலையில் குட்டி பள்ளிக்கூடம் போகிற வழியில் கார்டைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவாள், ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு அது திரும்பி வரும். ஐந்தாவது வாரத்தில் அவருடைய கை நடுங்குவது நின்றிருந்ததைக் கவனித்தேன். ஏழாவது வாரம் நானே வலியப் போய் ஒரு டம்ளர் டீ கொடுத்தேன். கொடுத்துவிட்டு, குட்டியின் இருமலை நினைத்துக்கொண்டு கடுகடுவென்று திரும்பி வந்துவிட்டேன்.

பன்னிரண்டாவது வியாழன் கம்பெனியில் கரன்ட் இல்லாமல் மதியத்தோடு அனுப்பிவிட்டார்கள். காலர் நேரே என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளை பெயின்ட் டப்பா.

"என்னடி இது?"

"அடுப்படிச் சுவருக்கு. இன்னைக்குக் கடைசிக் கட்டம்ல. வந்து முதல் வேலையா அவரே அடிக்கட்டும்." சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருடைய சீல் தேய்ந்துவிட்டதாம், பழைய மாதிரியே இன்னொன்று வேண்டுமாம். சீல்காரர் பள்ளிக்கூடத்துக்கு டெலிவரிக்குப் போயிருந்தார், சாவி என்னிடம் இருந்தது. "மாதிரி நோட்டைப் பாத்து நம்பர் குறிச்சு வைப்போம்" என்று காலர்தான் கடையைத் திறந்தாள். பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியவள், அந்த நோட்டு அவளுக்கு அத்துப்படி. பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கத்தில் கை நின்றது.

நோட்டை என் பக்கம் திருப்பினாள். நம்பர் 2418. வியாழன் கூட்டம், வருகை. ஊதா வட்டம். பக்கத்தில் அவர் கையெழுத்தில் தேதி, முதல் கூட்டம் நடந்த அதே வியாழன்.

திருட்டுச் சீல் செய்கிறவன் அதையும் முறைப்படி நோட்டில் குத்தி, நம்பர் போட்டு, தேதி எழுதி வைப்பானா? இந்த ஆள் வைப்பார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வயிறு எரிந்தது. அந்த ஏழாவது வாரத்து டீயை நினைத்து எரிந்தது.

"பதினோரு வாரம்" என்றாள் காலர். "பதினோரு வாரம் என் கையிலேயே கொண்டாந்து குடுத்திருக்கான் அக்கா. நான் அதை ஆணியடிச்சு மாட்டி, தினம் காலையில அடுப்பு பத்த வைக்கும்போது பாத்துக்கிட்டு நின்னிருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் நைசாக நழுவிவிட்டார். பெயின்ட் டப்பா என் மேஜையிலேயே கிடந்தது. ஐந்தரைக்கே கடையைப் பூட்டிவிட்டு நானும் அவளும் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அவர் அங்கே ஒரு நாள்கூடக் காலடி வைத்திருக்க மாட்டார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. அதை ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

சிவப்புக் கதவுக்கு வெளியே அதே கண்டக்டர் டீ கேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஆளைப் பத்திக் கேக்கணும்" என்றாள் காலர். "சீல் கடைக்காரர். இங்க வர்றாரா, இல்லையா?"

"அது சொல்றதுக்கில்லம்மா. யார் வர்றாங்க, யார் வரலன்னு இந்தக் கதவுக்கு வெளிய நாங்க பேசறதில்ல."

"நான் அவர் பொண்டாட்டி."

"பொண்டாட்டி கேட்டாலும் அதேதான். அம்மா கேட்டாலும் அதேதான்."

"என் வீடு எரிஞ்சிருக்கும். என் பிள்ளை செத்திருக்கும். நீங்க ரகசியம் காப்பாத்துறீங்களோ?"

கண்டக்டர் கேனைக் கீழே வைத்தார். "நீங்க கோவப்படறது சரிதான். என் வீட்டுக்காரியும் இதே மாதிரிக் கோவப்பட்டா. ஆனா ஒருத்தர் பேரை இன்னைக்கு நான் வெளிய சொன்னா, நாளைக்கு உள்ள ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

"சரி, அதை விடுங்க. நீங்க வர்றவங்களுக்குச் சீல் போடுவீங்களா? அதையாவது சொல்லுங்க."

"சீலா? எதுக்கு? இங்க பேரேட்டில பேரே எழுதறதில்ல. நாலு நாற்காலி, டீ, பேச்சு. அவ்வளவுதான்."

அந்த நேரத்தில் உள்ளிருந்து கதவு தள்ளப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாலு நாற்காலிகளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் பின்பக்கமாக வெளியே வந்தார். "இந்த நாலும் கால் உடைஞ்சது அண்ணே, போன வாரமே சொன்னேன்ல" என்றபடி திரும்பினார். சீல்காரர்தான்.

எங்களைப் பார்த்ததும் நாற்காலிகளை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். கண்டக்டர் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காலர் பையிலிருந்து மாதிரி நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள்.

"இது என்ன?"

அவர் பார்த்தார். "சீல்" என்றார்.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"அப்ப இங்க என்ன பண்றே?"

"வர்றேன். மொத வாரத்துலேருந்து வர்றேன். ஒரு வாரம் விடல."

"அப்புறம் எதுக்குடா இது?"

"அன்னைக்குக் கார்டை நீட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. இங்க சீல் கெடையாதுன்னாங்க. அந்த வெறுங்கார்டோட உன் முன்னாடி வந்து நின்னா நீ நம்புவியா? எத்தனை தடவை பொய் சொல்லியிருக்கேன். நீ சீல் கேட்ட. எனக்குச் சீல் செய்யத் தெரியும். நேரா கடைக்குப் போய்ச் செஞ்சேன்."

"நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் காலர்.

"அதான்."

"என்ன அதான்? நம்பாம இருந்திருப்பேன். அது என் பாடு. உன்னை நம்பாம இருக்கறதுக்கு எனக்கு எல்லாக் காரணமும் இருக்கு, அதை நான் பாத்துக்கறேன். நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வந்து நின்னு, அங்க சீல் இல்லன்னு சொல்லியிருக்கணும். வாய் இருக்குல்ல? குடிக்கிறதுக்குத் திறந்த வாய்தானே?"

"பயமா இருந்துச்சு."

"பயமா? எனக்கு இல்லையா பயம்? நெஜத்தைப் பண்ணிட்டு அதுக்குப் பொய்ச் சீல் குத்திக் குடுத்திருக்க. இப்ப எனக்கு எது நெஜம், எது பொய்யின்னு எப்படித் தெரியும்? நாளைக்கு நீ செத்தாக்கூட நான் ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுதான் அழுவேன்."

அவர் நாற்காலிகளை இறக்கி வைத்தார். காற்சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினார். அந்தச் சீல். பையிலேயே கிடந்து கைப்பிடி தேய்ந்து பளபளவென்று இருந்தது. காலர் அதை வாங்கி ரப்பரை நகத்தால் பிய்த்தெடுத்து, இரண்டாகக் கிழித்து, கட்டையை மட்டும் அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"குடியை விட்டதுல உனக்குப் பதினோரு வாரம் ஆச்சு. அதை நான் கழிக்கல, அது உன்னோடது. பொய்யை விடுறதுல இன்னைக்குத்தான் முதல் நாள். ஒண்ணுலேருந்து எண்ணு."

"பன்னிரண்டு வாரமா, மறுபடியும்?"

"எத்தனைன்னு நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை குடுத்தா நீ எண்ணிக்கைக்குத்தான் நடப்ப. வியாழக்கிழமை வீட்டு வாசலுக்கு வா. வெறுங்கையோட வா."

வரும்போது நான், "போய்க்கிட்டுதான் இருந்திருக்கான், அதுக்குமேல என்னடி வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்தாள். "கார்டு யோசனை சொன்னது யாரு?" என்றாள். எனக்கும் கோபம்தான். அவர் மேல், அவள் மேல், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட என் கை மேல்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் எதிர்வாசலில் நடந்ததை நான் என் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கேட்பதற்காகவே சீக்கிரம் கடையைச் சாத்தினேன். ஏழரைக்கு அவர் வந்து நிற்பார். அவள் கதவை அரையடி திறப்பாள்.

"போனியா?"

"போனேன்."

கதவு சாத்தும். அவ்வளவுதான் பேச்சு. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு வாரம் குட்டி அம்மாவின் கைக்கு அடியில் தலையை நீட்டி, "அப்பா, எனக்கு இருமல் போயிடுச்சு" என்றாள். "அப்படியா கண்ணு" என்றார். அப்போதும் கதவு சாத்தியது. பெயின்ட் டப்பா என் கடையிலேயே தூசி படிந்து கிடந்தது. நம்புகிறாளா இல்லையா என்று எனக்கே புரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஆறாவது வியாழன் காலையிலிருந்தே மழை. கடை வரிசை முழுக்கத் தண்ணீர். மதியம் லாரி கம்பெனிக்காரன் வந்து, ஐம்பது சீலில் ஓர் எழுத்து தப்பு என்று எல்லோர் முன்னாலும் சீல்காரரைக் கண்டபடி ஏசிவிட்டுப் போனான். தப்பு அவன் எழுதிக்கொடுத்த காகிதத்தில்தான். இவர் விளக்கை அணைத்து, கடையைச் சாத்திவிட்டு ஐந்தரைக்கே போய்விட்டார்.

ஏழரைக்குப் படியில் சத்தம் கேட்கவில்லை. எட்டேகாலுக்குக் கேட்டது. செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் எனக்கு உள்ளே வரைக்கும் கேட்டது. எதிர்க்கதவு திறந்தது.

"போனியா?"

நான் என் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். போனேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கண்டக்டர் சொல்ல மாட்டார், நோட்டிலும் இருக்காது.

"போகல" என்றார்.

"என்னது?"

"போகல. மூலை பாருக்குப் போனேன். உள்ள போய் உக்காந்தேன். கிளாஸ் முன்னாடி வந்துடுச்சு. ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். தொடல. எந்திரிச்சு வந்துட்டேன். கூட்டம் முடிஞ்சிருந்தது."

காலர் ஆரம்பித்தாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தீப்பிடித்த அன்றுகூட அவள் குரல் உயரவில்லை. பாருக்குப் போற காலை உடைக்கணும் என்றாள். எவனோ ஒரு லாரிக்காரன் கத்தினதுக்கு என் பிள்ளையோட அப்பன் போய் அங்க உக்காருவானா என்றாள். பதினாறு வருஷத்தையும் வரிசையாக இழுத்துப் போட்டாள். ஒளித்து வைத்த பாட்டில்கள், சத்தியங்கள், கருத்த சுவர், ஊதாச் சீல், எல்லாம் வந்தது. கீழ்வீட்டு டிரைவர் கதவைத் திறந்து மேலே எட்டிப் பார்த்தார். நானும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் தலையைக் குனிந்து நின்றார். காலடியில் தண்ணீர் குளமாகத் தேங்கிப் படியில் வழிந்தது. திட்டு ஓயாது என்று தெரிந்ததும் மெதுவாகத் திரும்பி ஒரு படி இறங்கினார்.

"எங்க போறே?" என்றாள் காலர்.

"கடைக்கு."

நாலரை மாதமாக அரையடிக்குமேல் திறக்காத கதவை அவள் முழுதாகத் திறந்து, சுவரோடு ஒட்டத் தள்ளினாள்.

"உள்ள வந்து கேளு. நான் இன்னும் திட்டி முடிக்கல."